பெயின்ட் அடித்த ஏழு

வில்லியனூரில் முப்பது வருடம் கம்ப்யூட்டர் பாடம் நடத்தினேன். புதிதாக வருகிறவர்களுக்கான ஆரம்பப் பாடம். ஒவ்வொரு வருடமும் இரண்டாம் வகுப்பில் கரும்பலகையில் x = x + 1 என்று எழுதுவேன். ஒவ்வொரு வருடமும் யாராவது ஒருவர் எழுந்து, "இது பொய் மேடம். அஞ்சும் ஆறும் எப்படி சமமாகும்?" என்று கேட்பார். நல்ல கேள்விதான். அதற்குப் பாடப்புத்தகம் சொல்கிற பதிலைப் பார்த்தால்தான் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். 'x என்கிற மாறி ஒரு பெட்டி.' என்ன பெட்டி? யார் வைத்த பெட்டி? போதாததற்குப் பெட்டியின் படம் வேறு போட்டிருப்பார்கள், அதுவும் மூடியோடு.

நான் பெட்டியைச் சொல்ல மாட்டேன். தையலம்மாளைச் சொல்வேன். சொல்லும்போதெல்லாம் எனக்குக் கோபம் வரும், இன்றைக்கும் வருகிறது. அவர் வயிற்றில் அடித்தவர்களில் என் அப்பாவும் ஒருவர்.

பாகூர்ப் பக்கம் ஒரு கிராமம். பெயர் வேண்டாம். சம்பந்தப்பட்டவர்களின் வாரிசுகள் இருக்கிறார்கள், இந்த வயதில் எனக்குச் சண்டைக்குத் தெம்பு இல்லை. பாகூர் ஏரி மாதிரி பெரிய ஏரி இல்லை, அந்த ஊருக்கென்று ஒரு சின்ன ஏரி. அதற்கு ஒரே மதகு, மதகிலிருந்து ஒரே வாய்க்கால். வாய்க்கால் தொடங்கி நாற்பது அடியில் வலப்பக்கம் ஒரு வாய் பிரியும். அது தலைமடை வயல்களுக்கு. அந்த வாயைப் பலகை செருகி அடைத்தால்தான் தண்ணீர் நேராக ஓடிக் கடைமடைக்குப் போகும். தலைமடையில் முப்பது காணி, பாதிக்கு மேல் சுப்பராயலு என்பவருடையது. கடைமடையில் பதினாறு காணி, ஒன்றும் அரையுமாகப் பலபேருடையது. அதிலும் கடைசி வரப்பை ஒட்டிய அரைக்காணி தையலம்மாளுடையது.

தையலம்மாளின் கணவர் நடேசன் அந்த ஏரியின் நீர்க்கட்டி. மதகைத் திறந்து மூடி, யாருக்கு எவ்வளவு தண்ணீர் என்று பார்த்து விடுகிறவர். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தைந்தில் காய்ச்சலில் போய்விட்டார். நாலு நாள் மதகு மூடியே கிடந்தது. தண்ணீர்ச் சண்டைக்கு நடுவில் போய் நிற்க ஊரில் ஒரு ஆம்பிளைக்கும் மனசு வரவில்லை. ஐந்தாம் நாள் காலையில், தாலி அறுத்த வீட்டுக்குள் உட்கார்ந்திருக்க வேண்டிய தையலம்மாள் சேலையை வரிந்து கட்டிக்கொண்டு போய் மதகைத் திறந்தார். அப்போது முப்பது வயது இருக்கும். போ என்று சொல்லாத ஊர், போகாதே என்றும் சொல்லவில்லை. முணுமுணுத்ததோடு சரி. அறுவடைக்குக் களத்தில் நீர்க்கட்டிக்கு அளக்கிற நெல்லை அவருக்கே அளந்தார்கள். அரசாங்கக் காகிதத்தில் மட்டும் 'நீர்க்கட்டி: நடேசன்' என்றே இருந்தது. பெயரை மாற்றச் சொல்லி இரண்டு தடவை ஆபீசுக்கு நடந்தார். இரண்டு தடவையும் பார்க்கலாம் என்று சொல்லி அனுப்பினார்கள்.

மதகுக்குப் பக்கத்தில் கரி பூசிய பலகை ஒன்று நின்றது. தலைமடை வாயை அடைக்கிற பலகையும் இதுவும் ஒரே மரத்தில், ஒரே அளவில் அறுத்தவை. பலகையில் இரண்டு வரி இருந்தது. மேலே 'தலைமடைக்கு முழுக்கு'. கீழே 'ஆன முழுக்கு'. இந்த இரண்டு பெயரும் பெயின்ட்டில் எழுதியவை, அப்படியே இருக்கும். ஒவ்வொரு பெயருக்கும் நேராக ஓர் எண், சாக்கட்டியில். அது அழியும். அழியத்தான் வேண்டும்.

முழுக்கு என்பது நேரக் கணக்கு. அடியில் ஊசித்துளை போட்ட பித்தளைக் கிண்ணம் ஒன்றைப் பானைத் தண்ணீரில் மிதக்க விட்டால், அது மெல்ல நிரம்பி அடியில் போய் உட்காரும். அது ஒரு முழுக்கு. அரை மணிக்குக் கொஞ்சம் குறைவு. எடுத்துக் கொட்டிவிட்டு மறுபடி மிதக்க விட வேண்டும்.

காலையில் வந்ததும் தையலம்மாள் முதலில் ஈரத்துணியால் இரண்டு எண்ணையும் துடைப்பார். நேற்றைய எண்ணில் ஒரு கால் ஒட்டிக்கொண்டிருந்தாலும் விட மாட்டார். பிறகு ஏரிக்குள் இறங்கிப்போய் அளவுக்கல்லைப் பார்ப்பார். கல்லில் இருபது கோடு வெட்டியிருக்கும். எத்தனை கோடு தண்ணீருக்குள் இருக்கிறதோ, அன்றைக்குத் தலைமடைக்கு அத்தனை முழுக்கு. ஏரி இறங்க இறங்கத் தலைமடையின் பங்கும் இறங்க வேண்டும், இல்லாவிட்டால் கடைமடைக்குச் சொட்டுத் தண்ணீர் மிஞ்சாது. அந்த எண்ணை மேல் வரியில் எழுதுவார். கீழ் வரியில் பூஜ்யம். வாயைத் திறந்து கிண்ணத்தை மிதக்க விடுவார். கிண்ணம் மூழ்கினதும், 'ஆன முழுக்கு' என்பதற்கு நேராக என்ன இருக்கிறது என்று பார்ப்பார். ஏழு இருந்தால் ஏழை அழித்து எட்டு. அவ்வளவுதான். ஆன முழுக்கு என்பது இனிமேல், இருந்த ஆன முழுக்கோடு ஒன்று. அதுதான் x = x + 1. அந்த ஊரில் யாரும் எழுந்து அதைப் பொய் என்று சொன்னதில்லை. கீழ் எண் மேல் எண்ணைத் தொட்டதும் தலைமடை வாயை அடைத்துவிடுவார்.

முன்னே ஒருகாலத்தில் தண்ணீர்த் தகராறில் ஒருவர் கையை வெட்டிவிட்டார்கள். அதற்குப் பிறகுதான் அந்தப் பலகையை வைத்து, பலகையில் உள்ளதுதான் பேச்சு என்று ஊர் கூடி முடிவு செய்தது. 'பலகையப் பாரு' என்று சொல்லிவிட்டால் எதிராளி வாயை மூட வேண்டும். தையலம்மாளுக்கு அது சாமி மாதிரி. ஆடு மேய்க்கிறவர்கள் சும்மா சாய்ந்து நின்றால்கூட, "பலகைய தொட்டீங்க, கைய முறிச்சிடுவேன்" என்று அக்கரைக்குக் கேட்கிற மாதிரி கத்துவார்.

இனி என் அப்பாவுக்கு வருகிறேன். இன்னாசிமுத்து, பாகூரில் போர்டு எழுதுகிறவர். ஐம்பத்து நாலில் பிரெஞ்சுக்காரன் போனதும் அவருக்கு நல்ல காலம் பிறந்தது. பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, சாவடி என்று எல்லாப் போர்டையும் மாற்றி எழுத வேண்டும் அல்லவா? ஆட்சி கையில் வந்தது ஐம்பத்து நாலில், காகிதத்தில் வந்தது அறுபத்திரண்டில். நடுவில் எட்டு வருடம், யாருக்கு எது சட்டம் என்று தெரியாத அந்த எட்டு வருடமும், போர்டு மட்டும் பளபளவென்று மாறிக்கொண்டே இருந்தது. அப்பாவின் எழுத்து அழகு. அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

ஐம்பத்தெட்டு கார்த்திகையில் புதுச்சேரியிலிருந்து ஓர் அதிகாரி ஏரியைப் பார்க்க வந்தார். நல்ல மழை பெய்து ஏரி நிரம்பியிருந்த நேரம். ஜீப்பை விட்டு இறங்கினவர் கண்ணில் ஏரி படவில்லை, பலகைதான் பட்டது. கரியும் சாக்கட்டியுமாக இருப்பது அரசாங்கத்துக்கு அசிங்கமாம். நல்ல பெயின்ட்டில் புதுப்பிக்க உத்தரவு போட்டார். 'உள்ளது உள்ளபடி, ஓர் எழுத்தும் மாறாமல்' என்று அதில் ஒரு வரி. கீழே ஓர் எச்சரிக்கையும் சேர்க்கச் சொன்னார். அன்று மத்தியானமே அப்பா வந்து பலகையைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார். தையலம்மாள் அப்போது கடைமடையில் உடைந்த வரப்பைப் பார்க்கப் போயிருந்தார். அவர் திரும்பி வந்தபோது பலகை இருந்த இடத்தில் இரண்டு கம்பு நின்றது.

மூன்றாம் நாள் பலகை வந்தது. பச்சைத் தரையில் மஞ்சள் எழுத்து. அப்பாவோடு ஆபீஸ் பியூனும் வந்திருந்தார்.

தலைமடைக்கு முழுக்கு 20. ஆன முழுக்கு 7. அடியில் சிவப்பில்: இப்பலகையைச் சிதைப்போர், அகற்றுவோர் மீது வழக்குத் தொடரப்படும்.

"இன்னாப்பா இது?" என்றார் தையலம்மாள்.

"புது போர்டுக்கா. சீமை பெயின்ட். பத்து வருசம் ஆனாலும் அழியாது."

"எண்ணையும் அடிச்சி வச்சிக்கிறியே!"

"உள்ளது உள்ளபடின்னு ஆர்டருக்கா. நான் வந்தப்ப இருந்தத அச்சா எழுதிக்கிறேன், பாரு."

"நீ வந்தப்ப ஏழுடா! நீ இத தோள்ல வச்சிக்கினு கரைய தாண்டறதுக்குள்ள எட்டு ஆயிருக்கும். ஆன முழுக்கு ஏழுன்னா இன்னா அர்த்தம்? இன்னிக்கி ஏழா? நாளைக்கி ஏழா? நான் செத்தாலும் ஏழா?"

அப்பாவுக்குப் புரியவில்லை. இருபத்தாறு வயது, இரண்டு நாள் உழைத்த உழைப்பு, அந்த ஏழின் வளைவு அவ்வளவு அழகாக வந்திருந்தது. தையலம்மாள் இடுப்பிலிருந்த கதிர் அரிவாளை எடுத்துச் சுரண்டப் போனார். பியூன் குறுக்கே வந்து சிவப்பு எழுத்தைக் காட்டினார். கேஸ் ஆகிவிடும் என்றார்.

முதல் வாரம் ஒன்றும் தெரியவில்லை. ஏரியில் இருபது கோடு முழுகியிருந்தது, பலகையிலும் இருபது. மார்கழியில் மழை ஏமாற்றிவிட்டது. கல் பதினெட்டுக்கு இறங்கியது, பதினாறுக்கு இறங்கியது. தையலம்மாள் எண்ணைச் சாக்கட்டியில் எழுதிப் பார்த்தார், வழவழ பெயின்ட்டில் அது பிடிக்கவில்லை. பக்கத்தில் ஒரு ஓட்டில் எழுதி வைத்தார். சுப்பராயலு அதைக் காலால் தள்ளினார்.

"சர்க்கார் பெயின்ட் பெரிசா, உன் சாக்கட்டி பெரிசா? பலகையப் பாரு."

ஊர் சொன்ன அதே வார்த்தை. யார் வாயை மூட அதைச் சொல்ல ஆரம்பித்தார்களோ, அவர் வாயிலிருந்தே வந்தது. பதினாறு முழுக்கு பாய வேண்டிய இடத்தில் இருபது பாய்ந்தது. இவருக்கெல்லாம் 'அவர்' போட்டு எழுதுகிறேன் பாருங்கள், பழக்கதோஷம்.

தையலம்மாள் பஸ் ஏறிப் புதுச்சேரிக்குப் போனார். அதிகாரி உட்காரக்கூடச் சொல்லவில்லை. சரியான எண் எது என்று கேட்டார். இன்றைக்குப் பதினாறு என்றார் தையலம்மாள். 'இன்றைக்கு' என்ற சொல்லை விட்டுவிட்டு மற்றதை எழுதிக்கொண்டார்கள். இருபது நாள் கழித்து உத்தரவு வந்தது: இருபது என்பதைப் பதினாறு என மாற்றலாம். அன்று காலை கல்லில் பதினொன்று. என் அப்பா மறுபடி வந்தார், இருபதின் மேல் பச்சை பூசினார், பதினாறு என்று அழகாக எழுதினார், போய்விட்டார். ஏழைத் தொடச் சொல்லி உத்தரவில் இல்லை, அதனால் தொடவில்லை. இந்த இடத்தை நினைத்தால் என் அப்பாவைக்கூட நாலு அறை அறையலாம் என்று எனக்குத் தோன்றும்.

அந்த ஏழில் என்ன வசதி இருக்கிறது என்று சுப்பராயலு தை பிறந்தபோது கண்டுபிடித்தார். ஒருநாள் பதினாறு முழுக்கும் முடிந்து தையலம்மாள் வாயை அடைக்கப் போனார். சுப்பராயலு கரையில் வந்து நின்றார், கூட அவருடைய ஆள் மாரிமுத்து.

"இன்னாத்துக்கு அடைக்கிற?"

"பதினாறு ஆயிடுச்சி."

"எங்க ஆயிடுச்சி? பலகைல ஏழுன்னு தான கீது. ஏழு எப்ப பதினாறு ஆவுதோ, அப்ப அடை."

"அது ஆவாது! பெயின்ட் எப்பிடிய்யா ஆவும்?"

"அப்ப அடைக்காத" என்றார் சுப்பராயலு. மாரிமுத்து வாயை அடைக்கிற பலகையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டான்.

இன்றைக்கு என் மாணவர்கள் இத்தனை தடவை ஓடி நில் என்று ஒரு சுழற்சியை எழுதிவிட்டு எண்ணைக் கூட்ட மறந்தால் கம்ப்யூட்டர் நிற்காமல் ஓடிக்கொண்டே இருக்கும். அவர்கள் சிரிப்பார்கள். எனக்குச் சிரிப்பு வராது. அப்படி நிற்காமல் ஓடின தண்ணீர் மூன்று நாள் தலைமடையில் வழிந்து, வரப்பு உடைந்து, ஓடையில் போய் வீணாகியது. கடைமடையில் பதினாறு காணி சம்பா, கதிர் வெளியே வந்து பால் பிடிக்கிற நேரம், காலடியில் தரை வெடித்து நின்றது.

மூன்றாம் நாள் சாயங்காலம் கடைமடைக்காரர் கலியன் ஒரு கதிரைப் பிடுங்கிக்கொண்டு தையலம்மாளிடம் வந்தார். நகத்தால் ஒரு மணியை நசுக்கிக் காட்டினார். பால் வரவில்லை. "நாளைக்கி தண்ணி வரலன்னா மாட்டுக்குத்தான் அறுக்கணும்" என்றார். தையலம்மாள் தன் அரைக்காணியில் அன்று காலையே அதைப் பார்த்துவிட்டிருந்தார்.

மறுநாள் காலை வழக்கம்போல ஏரிக்குள் இறங்கிக் கல்லைப் பார்த்தார். ஒன்பது. கிண்ணத்தை மிதக்க விட்டார். எண்ண இடம் இல்லாததால் ஒவ்வொரு முழுக்குக்கும் ஒரு கூழாங்கல்லை மடியில் போட்டுக்கொண்டார். ஒன்பதாவது கல் விழுந்ததும் எழுந்துபோய் அந்தப் பச்சைப் பலகையைக் கம்பிலிருந்து பிடுங்கினார். இரண்டு கையாலும் தூக்கி வந்து தலைமடை வாயின் கல் பள்ளத்தில் செருகினார். ஒரே அளவு அல்லவா, கச்சிதமாக இறங்கியது. மேலே ஏறி நின்று காலால் மிதித்துச் சேற்றை அப்பினார். தண்ணீர் ஒரு நிமிடம் திகைத்து, பிறகு நேரே கடைமடைக்குத் திரும்பியது.

சுப்பராயலு ஓடி வந்தார். தலைமடைக்காரர்கள், கடைமடைக்காரர்கள் என்று கரை நிறைந்துவிட்டது. மாரிமுத்து வாய்க்காலில் இறங்கிப் பலகையில் கை வைக்கப் போனான்.

"வை" என்றார் தையலம்மாள். "கைய வை. மேல சிவப்புல எழுதிக்கிது, படி. படிக்கத் தெரியலன்னா உன் மொதலாளிய படிக்கச் சொல்லு."

சிவப்பு எழுத்து தண்ணீருக்கு மேலே நன்றாகத் தெரியும்படி பலகையைத் தலைகீழாகச் செருகியிருந்தார். மாரிமுத்து சுப்பராயலுவைப் பார்த்தான்.

"பலகைய அகத்தினவ நீதான்" என்று கத்தினார் சுப்பராயலு. "உம்மேல தான் கேஸ்!"

"போடு. எம்மேல ஒண்ணு போடு. இங்கயே உக்காந்துக்கினு கீறேன், வந்து புடிக்கச் சொல்லு. ஆனா இத புடுங்கறவனும் எங்கூட கோர்ட்டுக்கு வரணும். இத்தினி நாளா பலகையப் பாரு, பலகையப் பாருன்னியே! இப்ப பாரு! நல்லா பாரு!"

யாரும் தொடவில்லை. பதினோரு நாள் அந்தப் பலகை அங்கேயே இருந்தது. தலைமடைப் பயிர் அதுவரை குடித்த குடிக்கு அந்தப் பதினோரு நாளில் ஒரு தாளும் வாடவில்லை.

பன்னிரண்டாம் நாள் பியூன் ஓர் உத்தரவோடு வந்தார். ஊர் முன்னால் படித்தார்: ஒழுங்கீனம் காரணமாக நீர்க்கட்டி நடேசன் பணியிலிருந்து நீக்கப்படுகிறார்.

அதற்குத் தையலம்மாள் கத்தின கத்தலை அப்பா சொல்லிக் கேட்டிருக்கிறேன், அப்பா ஊரில் வேறு பலபேரிடம் கேட்டு வைத்திருந்தார்.

"அவரு போயி நாலு வருசம் ஆவுது! உசுரோட இருக்கிறவ ரெண்டு வாட்டி வந்து நின்னேன், பேர மாத்த உங்களுக்கு பேனா இல்ல. செத்தவர வேலைய வுட்டுத் தூக்க மட்டும் வந்துச்சா? கொண்டு போய்யா, சுடுகாட்டுல கொண்டு போயி அவருகிட்ட குடு. கையெழுத்து வாங்கிக்கினு வா!"

பியூன் பெயின்ட் பலகையைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார். நடேசனை நீக்கினார்கள், தையலம்மாளை யாரும் நீக்கவில்லை. அவர் காகிதத்தில் இருந்தால்தானே நீக்க? மறுநாள் காலையில் போய் மதகைத் திறந்தார்.

மாசியில் அறுவடை ஆனது. கடைமடையில் பன்னிரண்டு காணி தேறியது. வாலில் இருந்த நாலு காணிக்குத் தண்ணீர் போய்ச் சேர்ந்தபோது நேரம் கடந்துவிட்டது. அந்த நாலில்தான் தையலம்மாளின் அரைக்காணியும் இருந்தது. தூற்றிப் பார்த்ததில் அத்தனையும் பதர்.

அப்பாவுக்கு விஷயம் அப்போதுதான் முழுதாகப் போய்ச் சேர்ந்தது. யாரும் கேட்காமல், உத்தரவு இல்லாமல், புதிதாக ஒரு பலகை செய்து கரி பூசி எடுத்துக்கொண்டு போனார். இரண்டு பெயர் மட்டும் எழுதியிருந்தார், நேராக வெற்றிடம். தையலம்மாள் களத்தில் இருந்தார். பலகையைப் பார்த்தார். குனிந்து ஒரு கை பதரை அள்ளி அப்பாவின் கையில் வைத்தார்.

"ஊது."

அப்பா ஊதினார். கையில் ஒன்றும் மிஞ்சவில்லை.

"இதாண்டா உன் ஏழு" என்றார் தையலம்மாள்.

அப்பா அழுதிருக்கிறார். அதற்காகவெல்லாம் தையலம்மாள் இளகவில்லை. "அழுவறத அப்பறம் அழு. எண்ணு எங்க? இன்னிக்கி எத்தினி?" என்று கேட்டார். அப்பா விழித்தார். "எனக்குத் தெரியாதேக்கா" என்றார். "தெரியாதில்ல? போ. கல்லப் பாத்துட்டு வந்து எழுது."

வெள்ளை வேட்டியோடு அப்பா ஏரிக்குள் இறங்கினார். இடுப்பளவு சேற்றுத் தண்ணீரில் நின்று கோடுகளை விரல் வைத்து எண்ணினார். திரும்பி வந்து சாக்கட்டியில் ஆறு என்று எழுதினார், அவருக்குத் தெரிந்த மிக அழகான ஆறு. மறுநாள் காலையில் பார்க்கப் போனாராம். அவர் கண் முன்னாலேயே தையலம்மாள் அதை ஈரத்துணியால் ஒரே இழுப்பில் துடைத்துவிட்டு ஏரிக்குள் இறங்கிப் போனாராம்.

தையலம்மாள் என் அப்பாவைக் கடைசி வரை மன்னிக்கவில்லை. அதன் பிறகு பதினெட்டு வருடம் மதகைப் பார்த்தார், தெருவில் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். அவர் செய்தது சரி என்றுதான் அப்பாவும் சொல்வார், நானும் சொல்கிறேன். வகுப்பில் யாராவது எழுந்து x = x + 1 பொய் என்று சொன்னால், நான் டஸ்டரை வகுப்பின் குடிதண்ணீர்ப் பானையில் நனைத்து அவர் கையில் கொடுத்துவிடுவேன். இருக்கிறதை முதலில் படி, அழி, அப்புறம் எழுது.